டைனமோ

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு
தாண்டவன்வெளி டயர்க்கடையில்
கணக்குப் பார்ப்பது நான்.
மற்ற மூவருக்கும் ரேடியோ.

கொழும்பு அறிவிப்பாளன்
பாட்டுக்காரரின் பெயரைக் கடித்துத் துப்பியதும்
ஹியூகோ பார்த்லட் ஸ்பானரைக் கீழே வைப்பான்.
வெல்டிங் கண்ணாடி நெற்றியில்,
புருவமெல்லாம் இரும்புத் தூள்.
"ரொக் எண்டா இதுதான்டா.
இதுக்குப் புறகு வந்ததெல்லாம் சவர்க்கார விளம்பரம்."

இல்முதீன் விடமாட்டான். ஏறாவூரான்.
கட்டாரில் ஒன்பது வருஷம் லொறி ஓட்டி
மணல் ரோட்டில் சீடி போட்டுக் கேட்டவன்.
அவன் கணக்கில் கிற்றார்காரன் மூன்றாந் தரம்,
ட்ரம்ஸ்காரன் மட்டும்தான் மனுசன்.
"அந்தாளுக்குக் கை ரெண்டில்ல, நாலு."

தவநேசனுக்குச் சொற்கள்தான் முக்கியம்.
அதில் ஒரு சொல்லும் அவனுக்கு விளங்காது.
விளங்காத துணிவில்
ஒரே பாட்டுக்கு இதுவரை
மூன்று கருத்துச் சொல்லியிருக்கிறான்:
காதல்,
கப்பல் கவிழ்ந்தது,
பல்வலி.

இன்று வந்தது அந்த ஏழு நிமிஷப் பாட்டு.

நாலாவது நிமிஷம் நெருங்க
ஹியூகோ கையை உயர்த்தினான்.
"பொறுங்க. இந்த இடத்தில மெதுவாவான்.
தோணி சேத்தில ஏறுற மாதிரி...
இப்ப... இப்ப..."

பாட்டு மெதுவாகவில்லை.
கல்லடிப் பாலத்தில் கடைசி பஸ் போல
நிற்காமல் போய்விட்டது.

"வெட்டிப் போட்டானுகள்!"
"வெட்டேல்ல. அப்பிடி ஒரு இடமே இல்ல.
ஆயிரம் தரம் கேட்டிருக்கன்."
"கட்டாருக்கு வந்தது களவுச் சீடி!"
"இல்ல, இல்முதீன், மெதுவாகும்,"
என்றான் தவநேசன்.
"பல்லுப் புடுங்குற இடம் அது."

நான் எரிபொருள் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
ஏழாயிரத்து நானூறில் கணக்குத் தவறியது.

படுவான்கரைக்கு அப்போது பற்றரி வராது.
அரசடித்தீவில், எங்கள் வளவில்,
அண்ணனின் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி
டைனமோவில் வயர் இழுத்து
கசெற் ரெக்கோடரை மூட்டினவர்கள் இவர்கள்தான்.
மில் எஞ்சின் பார்க்க வந்த தகப்பனோடு
வந்து அகப்பட்ட ஹியூகோ,
மீசை அரும்பாத தவநேசன், என் அண்ணன்.
மூவரும் தலையாட்டக் கேட்டார்கள்.
மிதித்தது நான்.
பதினாலு வயது.
"மிதி புள்ள, மிதி" என்பார்கள்.
பாட்டுப் பிடிக்குமா என்று எவனும் கேட்டதில்லை.
பிடிக்காது.
எல்லாம் முடிந்தபின்
சில்லு தானாய்ச் சுற்றும் சத்தம் பிடிக்கும்.

நாலாவது நிமிஷத்தில்
என் வலது முழங்கால் பிடித்துக்கொள்ளும்.
குரல் தடிக்கும், கிற்றார் குழையும்,
ட்ரம்ஸ்காரன் பாதி நித்திரையாவான்.
கண்மூடிக் கிடந்த ஹியூகோ
"ஆ!" என்பான்.

"அது பாட்டில்ல," என்றேன்.
"என்ட முழங்கால்."

இல்முதீன் சிரித்துச் சிரித்து
காற்றில்லாத ஒரு டயரில் இருந்துவிட்டான்.
ஹியூகோ சிரிக்கவில்லை.
என் காலைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான்.
"அப்ப ஒரிஜினல்தான் பிழை," என்றான்.

தவநேசன் மேசைக்குக் கிட்ட வந்தான்.
"மறுகா, மற்றப் பக்கத்துக் கடைசிப் பாட்டு?
பாதியில டக்கெண்டு நிக்குமே,
நல்லா இருக்கும்..."

"அது ஹெலி வந்த நாள்," என்றேன்.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.
கசெற் அன்றைக்கு அண்ணனின் சேட்டுப் பையில் இருந்தது.
ரேடியோவில் யாரோ சீனி விலை சொன்னார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து இல்முதீன்
தொண்டையைச் செருமினான்.
"அந்தப் பாட்டு நிக்காது.
இன்னும் ரெண்டு நிமிஷம் கிடக்கு."

"என்ன வரும் அதில?"

அவனுக்குப் பாட வராது.
மூலையில் கிடந்த டிரக்டர் டயரை இழுத்து
முன்னால் கிடத்தி
இரண்டு டயர் நெம்பிகளை எடுத்து
அடிக்கத் தொடங்கினான்,
கண்ணை மூடி, முழுசாய், விட்ட இடத்திலிருந்து.

"வேகம் கூட," என்றான் ஹியூகோ.